கேரவன் ஃபிரிட்ஜுக்கு ஒரு தனி பிரேக்கர்

2022 டிசம்பர் விடுமுறைக்கு தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே, ஸ்காட்பர்க்கைத் தாண்டி ஒரு கேரவன் பார்க்கில் எட்டு நாள் தங்கினோம். இங்கே அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் ஷேட் மீன் பிடிக்கத் தடை. டிசம்பர் பிறந்துவிட்டால் என் வீட்டுக்காரரை வீட்டில் உட்கார வைக்க முடியாது. அம்மாவையும் அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம்.

மூன்றாம் நாள் ராத்திரி எட்டரை மணி இருக்கும். ஹாட் பிளேட்டில் சோறு கொதிக்கிறது, கெட்டிலில் டீக்குத் தண்ணீர் போட்டிருக்கிறேன். அக்கா மகள் மத்தியானக் குழம்பை மைக்ரோவேவில் வைத்தாள். இரண்டு மூன்று நிமிடம் போயிருக்கும், எல்லாம் நின்றுவிட்டது. "லோட் ஷெடிங்" என்றோம். மின்தட்டுப்பாட்டால் முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு அது; அந்த டிசம்பரில் ஆறாம் கட்டம் வரை போயிருந்ததால், கரண்ட் போனால் வேறு எதையும் யோசிக்கத் தோன்றாது. கேரவனின் விளக்குகளும் சின்ன ஃபேனும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுபவை. அவை பாட்டுக்கு எரிந்தன, சுற்றின. சோற்றைக் கேஸ் அடுப்புக்கு மாற்றி, சாப்பிட்டுப் படுத்துவிட்டோம்.

காலை ஒன்பது மணிக்குப் பக்கத்து கேரவனில் டோஸ்ட் போடும் வாசனை வந்தது. அவர்களுக்குக் கரண்ட் இருக்கிறது. போய்ப் பார்த்தால், எங்கள் கேரவனுக்குக் கரண்ட் தரும் கம்பத்தில் இருந்த 15 ஆம்பியர் பிரேக்கர் (அளவுக்கு மேல் கரண்ட் ஏறினால் தானாக அணையும் சுவிட்ச்) மட்டும் விழுந்து, அதாவது அணைந்து கிடக்கிறது. ராத்திரி முழுக்க அப்படியே கிடந்திருக்கிறது.

வீட்டு ஃபிரிட்ஜ் நின்றால் காது கண்டுபிடித்துவிடும். கேரவன் ஃபிரிட்ஜ் அப்படி இல்லை. அது அம்மோனியா சுழலும் வகை. அதில் கம்ப்ரெசர் கிடையாது, மோட்டார் கிடையாது. கேஸிலோ, 12 வோல்ட்டிலோ, 230 வோல்ட்டிலோ ஒரு சின்ன ஹீட்டர் சூடேறினால் அது குளிரும். ஓடும்போதும் சத்தம் இல்லை, நின்றபோதும் சத்தம் இல்லை. எங்களுடையது பழசு, கரண்ட் போனால் தானாகக் கேஸுக்கு மாறாது. திறந்து பார்த்தபோது உள்ளே 24 டிகிரி. மீனும் ஆட்டிறைச்சியும் போனதற்கு நான் வருத்தப்படவில்லை. அம்மாவின் இன்சுலின் பேனா ஐந்து அதற்குள் இருந்தது.

ஸ்காட்பர்க்கில் மருந்துக்கடைக்காரப் பெண்ணிடம் கேட்டேன். அம்மா போடும் வகை, அறை வெப்பத்துக்கு வந்துவிட்டால் 28 நாளுக்குள் தீர்க்க வேண்டியது. மறுபடி குளிரில் வைத்து மாதக்கணக்கில் காப்பாற்ற நினைக்கக் கூடாது என்றார். அம்மாவுக்கு அந்த நாளுக்குள் இரண்டு பேனாதான் ஆகும். மூன்றைத் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன், கேரவனின் டிபி போர்டை, அதாவது பிரேக்கர்கள் இருக்கும் பெட்டியைத் திறப்பது என்று.

கேரவன் தொண்ணூறுகளில் செய்தது, எங்களுக்கு முன்னால் இரண்டு கை மாறியது. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் மாமரத்தடியில் நிற்கும். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, துணி அலமாரியின் அடியில் இருந்த போர்டு மூடியைக் கழற்றினேன். நான்கு இடம் உள்ள சின்னப் பெட்டி. பாதியை எர்த் லீக்கேஜ், அதாவது கரண்ட் வேறு வழியில் கசிந்தால் எல்லாவற்றையும் அணைக்கும் சுவிட்ச், பிடித்துக்கொண்டிருந்தது. மீதியில் ஒரே ஒரு 20 ஆம்பியர் பிரேக்கர். அதன் ஒரு திருகுக்கு அடியில் நான்கு சிவப்பு வயர்களைத் திணித்திருந்தார்கள். ஃபிரிட்ஜ், பேட்டரி சார்ஜர், சமையல் பக்கத்து பிளக், படுக்கைப் பக்கத்து பிளக் எல்லாம் ஒரே கூட்டில். வெளியே கேபிள் செருகும் நீல நிற மூன்று கால் இன்லெட் 16 ஆம்பியருக்கு ஆனது. அதற்குப் பின்னால் 20 ஆம்பியர் பிரேக்கர் இருந்து என்ன பயன்? அது விழுவதற்கு முன் கம்பத்தில் இருப்பதுதான் விழும். விழுந்ததும் அதுதான்.

நெட்டில் தேடினால் கேரவன் வயரிங் வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. இரண்டு மூன்று பார்த்தேன். யோசனைக்கு நல்லவைதான், ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவில் கறுப்பு வயர்தான் லைவ் (கரண்ட் வருவது), வெள்ளை நியூட்ரல் (திரும்பிப் போவது). தென்னாப்பிரிக்காவில் சுவர் வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். வளையும் கேபிளாக இருந்தால் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல். வீடியோவைப் பார்த்துக்கொண்டே கை வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அவர்களுடையது 120 வோல்ட், 30 ஆம்பியர்; பெருக்கினால் 3,600 வாட். நம்முடையது 230 வோல்ட், 16 ஆம்பியர், 3,680 வாட். வழி வேறாக இருந்தாலும் கிட்டத்தட்ட அதே படிதான் நமக்கும் அளக்கப்படுகிறது.

இந்த 3,680 என்ற எண்ணைத்தான் முதலில் தாளில் எழுதினேன். பிறகு சாமான்களின் அடியைத் திருப்பிப் பார்த்து ஒவ்வொன்றின் வாட்டையும் எழுதினேன். கெட்டில் 2,000 வாட், அதாவது 8.7 ஆம்பியர். ஹாட் பிளேட் 1,500 வாட், 6.5 ஆம்பியர். மைக்ரோவேவின் முகத்தில் 700 என்று போட்டிருக்கும், அது உணவுக்குள் போகும் சூடு. சுவரிலிருந்து அது இழுப்பது 1,150 வாட், 5 ஆம்பியர். ஃபிரிட்ஜ் ஹீட்டர் 125 வாட்தான், அரை ஆம்பியர். பேட்டரி சார்ஜர் முழு வேகத்தில் ஓடினால் ஒன்றரை ஆம்பியர். கூட்டினால் 22. அன்று ராத்திரி 15 ஆம்பியர் பிரேக்கரின் மேல் 22 ஆம்பியர் ஏறியிருக்கிறது. அப்படி விழவைத்ததில் ஃபிரிட்ஜின் பங்கு அரை ஆம்பியர். தண்டனை முழுவதும் அதற்கு.

எனக்குத் தெளிவானது இதுதான். பிரேக்கர் எண்ணிக்கையைக் கூட்டினால் கரண்ட் அதிகமாகாது. கம்பம் தருவது தருவதுதான். எத்தனை சர்க்யூட் பிரித்தாலும் அதே பானைச் சோற்றைத்தான் பங்கு போடுகிறோம். பிரிப்பதால் கிடைப்பது வேறு ஒன்று: தப்பு நடக்கும்போது எது முதலில் அணைய வேண்டும், எது அணையவே கூடாது என்பதை நாம் முன்கூட்டியே தீர்மானிக்கலாம்.

மாமாவைக் கூப்பிட்டேன். அம்மாவின் தம்பி. நாற்பது வருஷம் எலக்ட்ரீஷியன், சர்க்கரை ஆலையில் பாதி, வெளி வேலையில் பாதி. வயர்மேன் லைசென்ஸ் இன்னும் வைத்திருக்கிறார். இதை ஒருமுறை அழுத்திச் சொல்கிறேன்: வயர் இழுத்ததும் பெட்டி பொருத்தியதும் நான், ஆனால் மாமா ஒவ்வொரு முனையையும் பார்த்து, மீட்டரில் சோதித்து, சரி என்று சொல்லும் வரை அந்த நீல பிளக்கைச் செருகவில்லை. அப்படி ஒரு ஆள் பக்கத்தில் இல்லாதவர் இந்த வேலையைத் தொட வேண்டாம்.

முதல் நாள் மாமா கேரவனுக்குள் ஏறியதும் வேலையைப் பார்க்கவில்லை, சன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். எழுபதுகளில் தென்கடற்கரையில் ஒரு கேரவன் பார்க்குக்கு வயரிங் செய்தாராம். கம்பம் கம்பமாக பாயிண்ட் வைத்தது, அவரும் இன்னும் இரண்டு தமிழ்ப் பையன்களும். வேலை முடிந்து சாயங்காலம் ஆனால் கேட்டுக்கு வெளியே போய்விட வேண்டும். அங்கே தங்குவது, கடலில் இறங்குவது எல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு. 1953-இல் போட்ட அந்த இனப் பிரிவினைச் சட்டத்தை 1990-இல்தான் எடுத்தார்கள். "நான் வச்ச பாயிண்ட்ல நான் ஒரு நாள் பிளக் போட்டதில்ல கண்ணு" என்றார். பிறகு எழுந்து டார்ச்சை வாங்கிக்கொண்டு போர்டுக்குள் தலையை விட்டார். நான் அதற்குப் பதில் சொல்லவில்லை.

பெட்டியை மாற்றியே ஆக வேண்டும் என்றார். இந்த நாட்டில் பிரேக்கர் வாங்கப் போனால், அதை மாட்டும் பட்டையைப் பொறுத்து மினி ரெயில், டின் ரெயில் என்று இரண்டு ஜாதி உண்டு. மினி ரெயில் பிரேக்கர் ஒல்லியானது, 13 மில்லிமீட்டர். டின் ரெயிலில் ஒரு இடம் 18 மில்லிமீட்டர் அகலம். ஒன்றின் பிடி மற்றதில் உட்காராது. எங்கள் பழைய பெட்டி மினி ரெயில். அதை அப்படியே விட்டு, 12 இடம் உள்ள டின் ரெயில் பிளாஸ்டிக் பெட்டி வாங்கினோம். பன்னிரண்டு எதற்கு என்று எனக்கும் முதலில் புரியவில்லை. மாமா எல்லா பிரேக்கரையும் இரட்டைப் பிடி உள்ளதாகவே போடச் சொன்னார், அதாவது லைவையும் நியூட்ரலையும் சேர்த்தே துண்டிப்பது. வீட்டில் லைவை மட்டும் வெட்டினால் போதும், ஏனென்றால் எது லைவ் என்பது மாறாது. கேரவனோ ஊர் ஊராகப் போய் யார் யாரோ வைத்த பாயிண்டில் தொங்குகிறது. எங்கோ ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளில் யாரோ இரண்டு வயரை மாற்றிப் போட்டிருந்தால், ஒற்றைப் பிரேக்கர் அணைந்த பிறகும் உள்ளே லைவ் நிற்கும். ஆக ஒவ்வொரு பிரேக்கரும் இரண்டு இடம். மெயின் 16 ஆம்பியர், எர்த் லீக்கேஜ், நான்கு சர்க்யூட். பன்னிரண்டும் நிறைந்துவிட்டது.

நான்கு சர்க்யூட்டில் இரண்டு பழசு, இரண்டு புதுசு. சமையல் பிளக்குகள் 10 ஆம்பியர். படுக்கைப் பக்கமும் வெளிப் பந்தலும் 10. புதிதாக ஃபிரிட்ஜுக்கு மட்டும் ஒரு 6. சார்ஜருக்கு இன்னொரு 6. சமையலுக்கு 16 போடலாமே, கெட்டிலும் ஹாட் பிளேட்டும் சேர்ந்து ஓடுமே என்று கேட்டேன். "ஓடும். அப்புறம் கம்பத்துல இருக்கறது விழும். மறுபடி பழைய கதைதான்" என்றார். பிரேக்கரில் எழுதியிருக்கும் எண்ணைத் தொட்டதும் அது விழுந்துவிடாது. எண்ணுக்கு மேல் ஒரு பத்து சதவீதம் ஏறினால் மணிக்கணக்கில் தாங்கும். ஒன்றரை மடங்கு ஏறினால் சில நிமிடத்தில் விழும். பல மடங்கு ஏறினால் கண் இமைக்குமுன் விழும். கெட்டிலும் ஹாட் பிளேட்டும் சேர்ந்தால் 15.2 ஆம்பியர். சமையலின் 10 ஆம்பியர் பிரேக்கருக்கு அது ஒன்றரை மடங்கு. ஃபிரிட்ஜ், சார்ஜரையும் கூட்டினால் கம்பத்தில் 17.2, அங்குள்ள 15-க்கு அது கொஞ்சம்தான் அதிகம். எனவே முதலில் விழுவது சமையல். ஃபிரிட்ஜுக்கு ஒன்றும் ஆகாது. சமைக்கிறவள் நான், ஒன்று முடிந்து ஒன்று போட எனக்குக் கஷ்டமில்லை. ஷார்ட் ஆனால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது பாயும் கரண்டுக்கு எது முதலில் விழும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

வேலைக்கு நான்கு சனிக்கிழமை ஆயிற்று. இன்லெட்டிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, கேபிளையே வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் தொடங்கினேன். பேட்டரியின் முனையையும் கழற்றிவிட்டேன்.

முதல் சனி முழுக்க எர்த்துக்கே போயிற்று. புது சர்க்யூட் போட வந்த எனக்கு இது எதிர்பாராத வேலை, ஆனால் இந்தப் பதிவிலேயே முக்கியமான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். படுக்கைப் பக்கத்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், பின்னால் இரண்டே வயர். முன்னால் இருந்த யாரோ ரிப்கார்டு இழுத்திருக்கிறார்கள், மேசை விளக்குக்குப் போடுவோமே, அந்த ஒட்டிய இரட்டை வயர். எர்த் துளை மூன்றாவதாக அழகாக இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. அந்த பிளக்கில்தான் அம்மா ராத்திரி ஹீட்டர் போடுவார். அதை விடப் பெரியது அடுத்து வந்தது. இன்லெட்டின் எர்த் பின்னில் ஒரு முனை, கேரவனின் இரும்புச் சட்டத்தில் ஒரு முனை வைத்து மாமா அளந்தார். மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை. சட்டத்துக்குப் போகும் பச்சை மஞ்சள் வயர் போல்ட்டில் இருந்தது, ஆனால் போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட். எப்போதோ சட்டத்துக்கு பெயிண்ட் அடித்தவர்கள் எர்த்தையும் சேர்த்து மூடிவிட்டார்கள்.

கேரவன் என்பது அலுமினியத் தோல் போர்த்திய பெட்டி, நிற்பது ரப்பர் டயரில். உள்ளே எங்காவது ஒரு லைவ் வயர் உரசி, தோலில் பட்டுவிட்டால், தரைக்கு இறங்க அதற்கு வழியில்லை. காத்திருக்கும். கடலில் குளித்துவிட்டு ஈரக் காலோடு புல்லில் நின்று கதவுப் பிடியைத் தொடும் முதல் ஆள்தான் அந்த வழி. பெரும்பாலும் குழந்தைகள்தான் முதலில் ஓடி வருவார்கள். எர்த் வயர் ஒழுங்காக இருந்தால், உரசிய அந்த நொடியிலேயே கரண்ட் அதன் வழி ஓடி, எர்த் லீக்கேஜ் விழுந்துவிடும், யாரும் தொட வேண்டியதில்லை. பெயிண்டை இரும்பு பளபளக்கும் வரை சுரண்டினேன். வயர் முனையில் புது லக் (உலோக வளையம்) அடித்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். கேஸ் குழாய்க்கும் தனியாக எர்த் கொடுத்தோம். இப்போது அளந்தால் 0.1 ஓம். ரிப்கார்டை உருவி எடுத்து, மூன்று வயர் கேபிள் போட்டேன்.

கேபிள் விஷயம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேரவன் ஓடும்போது குலுங்குவதால் ஒற்றைக் கம்பி உள்ள வயர் நாளடைவில் திருகுக்குப் பக்கத்தில் முறியும். எல்லாவற்றுக்கும் பல இழை கேபிள்தான், பிளக்குகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர், ஃபிரிட்ஜுக்கும் சார்ஜருக்கும் 1.5. இழைகள் பிரியாமல் இருக்க ஒவ்வொரு முனையிலும் ஃபெர்ரூல் என்ற சின்ன உலோகக் குழல் மாட்டி நசுக்கினேன். தகரத்தில் துளை போட்ட இடமெல்லாம் ரப்பர் கிராமெட். 12 வோல்ட் வயர்கள் போகும் துளையில் 230 வோல்ட்டை விடவில்லை. சுவருக்குள் எங்கும் இணைப்பு இல்லை, போர்டிலிருந்து சாமான் வரை ஒரே துண்டு. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கேஸ் சுடர் எரியும் இடத்திலிருந்து கேபிளை ஒரு முழம் தள்ளிக் கொண்டுபோனேன். சீட்டுக்கு அடியில் ஊர்ந்து ஊர்ந்து கிளிப் அடித்ததில் முழங்கை தோல் உரிந்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் சனி மாமா மெக்கர் கொண்டுவந்தார். 500 வோல்ட்டை வயருக்குள் செலுத்தி, தோலில் எங்காவது கசிகிறதா என்று பார்க்கும் மீட்டர். சார்ஜரை முன்பே கழற்றிவிட்டோம், அதன் எலக்ட்ரானிக்ஸ் அந்த வோல்ட்டைத் தாங்காது. வயர்கள் எல்லாமே மெக்கரின் கடைசிக் கோடு வரை காட்டின. சரி, பிளக்கைச் செருகலாம் என்றார். மெயின் போட்டோம். சமையல், படுக்கை, சார்ஜர் ஒவ்வொன்றாக ஏறின. ஃபிரிட்ஜ் பிரேக்கரைத் தூக்கி, ஃபிரிட்ஜின் குமிழைத் திருப்பியதும் டப்பென்று எர்த் லீக்கேஜ் விழுந்தது.

என் வயரில்தான் தப்பு என்று நினைத்து எனக்குக் கை நடுங்கிவிட்டது. மாமா நிதானமாக ஃபிரிட்ஜ் பிரேக்கரை இறக்கி, எர்த் லீக்கேஜைத் தூக்கினார். நின்றது. இரட்டைப் பிடி பிரேக்கரின் அருமை அங்கே தெரிந்தது. ஒற்றைப் பிடியாக இருந்தால் நியூட்ரல் இன்னும் தொட்டுக்கொண்டிருக்கும், குற்றம் எந்த சர்க்யூட்டில் என்றே கண்டுபிடிக்க முடியாமல் சுற்றியிருப்போம். ஃபிரிட்ஜின் ஹீட்டரை மட்டும் பிரித்து மெக்கர் வைத்தார். 0.009 மெகா ஓம். அதாவது 9,000 ஓம். 230-ஐ அதால் வகுத்தால் 25 மில்லி ஆம்பியருக்கு மேல் கசிகிறது. எங்கள் எர்த் லீக்கேஜ் 30 மில்லி ஆம்பியருக்கு ஆனது. 15-இல் விழக் கூடாது, 30-இல் கட்டாயம் விழ வேண்டும். நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழலாம்.

ஹீட்டர் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி ஒரு வெள்ளைப் பொடி அடைத்திருப்பார்கள், மக்னீசியம் ஆக்சைடு. அது ஈரத்தை உறிஞ்சும். டர்பன் ஜனவரியில் காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கும். டிசம்பர் முடிவிலிருந்து ஃபிரிட்ஜ் சும்மா நின்றதால் பொடி ஈரம் குடித்துவிட்டது. மாமா சொன்ன வைத்தியம் எனக்குப் பிடித்திருந்தது. ஃபிரிட்ஜைக் கேஸில் போட்டு விட்டுவிட்டோம். கேஸ் சுடரும் கரண்ட் ஹீட்டரும் ஒரே கொதிகுழாயைத்தான் சுடவைக்கின்றன. சுடரின் சூட்டில் பக்கத்தில் இருக்கும் ஹீட்டர் தானாக உலரும். மறுநாள் காலை அளந்தோம், 1.8 மெகா ஓம். குமிழைத் திருப்பினேன், எர்த் லீக்கேஜ் அசையவில்லை. இப்போதெல்லாம் பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் கேஸில் ஒரு ராத்திரி ஓடவிட்டுத்தான் கரண்டுக்கு மாற்றுகிறேன்.

எர்த் லீக்கேஜ் பற்றி மாமா பெருமையாக ஒன்று சொல்வார். உயிரைக் காக்கும் அளவுக்கு நுட்பமான எர்த் லீக்கேஜ் முதலில் பிறந்தது இந்த மண்ணில்தான். தங்கச் சுரங்கங்களில் ஷாக் அடித்துச் சாவது பெரிய பிரச்சினையாக இருந்தது. அதற்கு முன் இருந்த கருவிகள் 10 ஆம்பியர் அளவுக்குக் கசிந்தால்தான் விழும், மனிதன் சாக அதில் நூறில் ஒரு பங்கு போதும். ஹென்றி ரூபின் என்ற இன்ஜினியர் 1956-இல் 20 மில்லி ஆம்பியருக்கும் குறைவான கசிவிலேயே விழும் மாதிரியைச் செய்துகாட்டினார். 1957, 58-இல் ஸ்டில்ஃபோன்டைன் என்ற சுரங்க ஊரில் வீடுகளிலும் வைத்தார்கள். எங்கள் அலமாரிக்குள் இருக்கும் அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்க்கும்போது இப்போது எனக்கும் அந்த நினைப்பு வருகிறது.

ஆனால் அதே பெட்டிதான் எனக்கு அடுத்த கவலையையும் கொடுத்தது. நான்கு சர்க்யூட்டுக்கும் ஒரே எர்த் லீக்கேஜ். கெட்டில் ஈரமாகிக் கசிந்தாலும் ஃபிரிட்ஜ் நின்றுவிடுமே? எர்த் லீக்கேஜ் சேர்ந்த பிரேக்கர் தனியாகக் கிடைக்கிறது, ஃபிரிட்ஜுக்கு அதைப் போட்டுவிடலாமே என்று கேட்டேன். மாமா நீண்ட நேரம் யோசித்தார். போடலாம், தப்பில்லை, ஆனால் பார்க்கின் கம்பத்திலும் 30 மில்லி ஆம்பியர் எர்த் லீக்கேஜ் இருக்கும், கெட்டில் கசிந்தால் அது நம்முடையதற்கு முன்னால்கூட விழும், அப்போது உள்ளே எத்தனை பிரித்து என்ன என்றார். அவர் சொன்னது சரி. ஃபிரிட்ஜ் நிற்கவே நிற்காமல் செய்வது நம் கையில் இல்லை. நின்றால் தெரிய வேண்டும், அதைச் செய்யலாம்.

எனவே நான்காம் சனிக்கிழமை பட்டியலில் இல்லாத ஒரு வேலை. ஃபிரிட்ஜ் சர்க்யூட்டில் 230 வோல்ட் காயில் உள்ள ஒரு ரிலே வைத்தோம். காயிலுக்குக் கரண்ட் இருக்கும் வரை அதன் ஒரு ஜோடி முனை பிரிந்திருக்கும், கரண்ட் போனால் சேரும். அந்த முனைகள் வழியாக 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஒரு சின்ன பஸ்ஸர், நடுவில் 1 ஆம்பியர் ஃபியூஸ், சத்தத்தை நிறுத்த ஒரு சுவிட்ச். கம்பம், மெயின், எர்த் லீக்கேஜ், ஃபிரிட்ஜ் பிரேக்கர், எதில் போனாலும் பஸ்ஸர் கத்தும். போர்டில் இடம் இல்லாததால் ரிலேக்குத் தனிப் பெட்டி, 230 வோல்ட் வயர் ஒரு பக்கத்திலிருந்து, 12 வோல்ட் எதிர்ப்பக்கத்திலிருந்து, இரண்டும் உள்ளே தொடாதபடி. இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

கடைசியில் மாமா டெஸ்டரை வைத்து எர்த் லீக்கேஜை விழவைத்துப் பார்த்தார். 15 மில்லி ஆம்பியரில் நின்றது, 22-இல் விழுந்தது. ஒவ்வொரு பிரேக்கருக்கும் அடியில் அம்மா தன் கையெழுத்தில் தமிழில் பெயர் எழுதி ஒட்டினார். ஃபிரிட்ஜுக்கு 'மருந்து' என்று எழுதியிருக்கிறார்.

2023 ஈஸ்டருக்கு அதே கடற்கரைக்குப் போனோம், மாமாவும் வந்தார். போய் நின்றதும் மூன்று விளக்கு டெஸ்டரைக் கம்பத்தில் செருகி, லைவும் நியூட்ரலும் இடம் மாறவில்லை என்று பார்த்தேன். கேபிளை முழுக்கப் பிரித்து விரித்தேன். சுருளாக விட்டால் நடுவில் சூடு வெளியேற வழியில்லாமல் உருகும். எர்த் லீக்கேஜின் டெஸ்ட் பொத்தானை ஒருமுறை அழுத்தினேன். பிறகு மாமா நீல பிளக்கை என்னிடமிருந்து வாங்கி, தானே போய்க் கம்பத்தில் செருகிவிட்டு வந்தார்.

வேண்டுமென்றே கெட்டிலையும் ஹாட் பிளேட்டையும் சேர்த்துப் போட்டோம். நான்கு நிமிடம் போல ஆயிற்று, சமையல் பிரேக்கர் விழுந்தது. ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே 5 டிகிரி.

சனி ராத்திரி மூன்று மணிக்கு நல்ல மழை. பஸ்ஸர் கத்தியது. எங்கள் போர்டில் எல்லாம் சரியாக நிற்கிறது. கம்பத்தில் எர்த் லீக்கேஜ் விழுந்திருக்கிறது. எங்கள் கம்பத்தில் இரண்டு கேரவன், பக்கத்துக்காரர்களின் கேபிள் இணைப்பு புல்லில் மழைத்தண்ணீரில் கிடந்தது. அவர்களை எழுப்பவில்லை. ஃபிரிட்ஜைக் கேஸுக்கு மாற்றினேன், பஸ்ஸரை நிறுத்தினேன். காலையில் அவர்கள் இணைப்பைத் துடைத்து ஒரு பெட்டி மேல் தூக்கி வைத்துத் தந்தோம்.

"என்னடி அது, நடு ராத்திரியில குருவி கத்துற மாதிரி?" என்றார் அம்மா போர்வைக்குள்ளிருந்து.

"உன் மருந்துதாம்மா. தூங்கு."

வெளிப் பந்தல் பிளக்குக்கு மழை புகாத மூடி இன்னும் வாங்கவில்லை. ஃபிரிட்ஜ் ஹீட்டரும் பழசாகிவிட்டது, குளிர்காலத்துக்குள் புதியது போட வேண்டும்.